சின்னப் பட்டறையும் பெரிய பந்தயமும்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி, மேற்கே ஒரகடம் செல்லும் பேருந்தில் ஏறுங்கள். ஒரகடத்தை நெருங்கும்போது இரு பக்கமும் மதில்கள் நீண்டுகொண்டே போவதைக் காண்பீர்கள். 2010-இல் ரெனால்ட்–நிசான் கூட்டு நிறுவனம் தொடங்கிய கார் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு தொடங்கிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் இங்கேதான் எழுந்தன. இவற்றைப் பார்க்கும் எவருக்கும் ஓர் எண்ணம் தோன்றும்: "வண்டி செய்வது என்றால் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலமும் ஆயிரக்கணக்கான ஆட்களும் வேண்டும்!"

சாதாரண வண்டிக்கே இவ்வளவு என்றால், பந்தய வண்டிக்கு இன்னும் எவ்வளவு வேண்டுமோ என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அதே சாலையில் திருப்பெரும்புதூர் வரை சென்று, சென்னை நோக்கித் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கே 1990-இல் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தில் தொடக்க ஆண்டுகளில் ஓடிய வண்டிகளில் பல, கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் பிறந்தவை! அது எவ்வாறு முடிந்தது? அதை அறிய நாம் முதலில் சோழவரத்துக்கும், பிறகு ஹாலந்து நாட்டுக்கும் போய்வர வேண்டும்.

சோழவரத்து ஓடுபாதை

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி உள்ளது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானங்கள் இறங்க ஓர் ஓடுபாதை அமைத்தார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, நேரான, அகலமான, கெட்டியான பாதை மட்டும் எஞ்சியது. 1953-இல் அமைந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுபாதையைப் பந்தயத் தடமாக்கிக்கொண்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தியாவின் புகழ்பெற்ற மோட்டார் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. காலையிலேயே கட்டுச்சோற்றுடன் சென்று, மாலை வரை வெயிலில் நின்று பார்த்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள்.

அங்கே ஓடிய வண்டிகள் இரு வகை. ஒன்று, வசதி படைத்தோர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பந்தய வண்டிகள். 1980-களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய என்சைன் வண்டி ஒன்றையே கொண்டுவந்து ஓட்டினார். மற்றொன்று, நம் ஊர் ஃபியட், ஹெரால்டு, புல்லட், ஜாவா வண்டிகளை மெக்கானிக்குகள் கைவேலையால் வேகப்படுத்திய வகை. முதல் வகைக்குப் பணம் வேண்டும். இறக்குமதி உரிமம் வேண்டும். இரண்டாம் வகைக்குத் திறமை போதும். ஆனால் அது முதல் வகையின் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

இப்படி இருக்கும் இடத்தில், பந்தயம் தொடங்கும் முன்பே பாதி முடிவு தெரிந்துவிடுகிறது அல்லவா? பணமில்லாத இளைஞன் ஒருவன் தன் அறிவையும் துணிவையும் காட்ட வழி என்ன? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. வேறொரு நாட்டில், மிகச் சிறிய வண்டிகளின் பந்தயத்தில், இதற்கு ஒரு விடை கிடைத்தது.

ஐம்பது சி.சி.யில் ஓர் உலகப் போட்டி

நம் வீதிகளில் டி.வி.எஸ். 50 மொப்பட்டை அறியாதவர் இல்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த அந்த வண்டியின் சிலிண்டர் கொள்ளளவு 50 கன சென்டிமீட்டர். ஒரு சிறு காப்பி டம்ளரின் பாதி அளவு. இதே அளவுள்ள எஞ்சின்களுக்கென 1962 முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது என்றால் வியப்பாக இருக்கும்!

ஜப்பானின் ஹோண்டாவும் சுசுகியும் அதில் பணத்தை வாரி இறைத்தன. ஹோண்டா, 50 சி.சி.யை இரண்டு சிலிண்டர்களாகப் பிரித்து, நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் எஞ்சினைச் செய்தது. சுசுகியின் 1967-ஆம் ஆண்டு வண்டியில் 14 கியர்கள் இருந்தன! மிகக் குறுகிய வேக எல்லைக்குள் மட்டுமே அந்த எஞ்சின் திறனைத் தரும். அந்த எல்லையை விட்டு விலகாமல் இருக்கவே அத்தனை கியர்கள்.

இந்தப் போட்டியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து இளைஞர் இருவர் நுழைந்தார்கள். ஒருவர் யான் தீல், மற்றவர் மார்ட்டின் மைவார்ட். யான், மார்ட்டின், தீல் என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத் தங்கள் வண்டிக்கு 'யமாதி' என்று பெயரிட்டார்கள். அவர்களிடம் பெரிய ஆலை இல்லை. இருந்தது ஒரு சிலிண்டர் எஞ்சினும், அதன் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளும் ஆர்வமும்தான். 1968-இல் ஆசென் நகரில் நடந்த டச்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், பால் லோடவைக்ஸ் என்ற வீரர் யமாதி வண்டியை ஓட்டி முதலிடம் பெற்றார். அந்த ஆண்டுப் போட்டி முழுவதிலும் அவருக்கு இரண்டாம் இடம்.

குழாய்க்குள் ஓடும் அலை

ஒரே சிலிண்டருள்ள எளிய இருவீச்சு எஞ்சினிலிருந்து இவ்வளவு திறனை எப்படிப் பெற்றார்கள்? இரகசியம், நாம் சைலன்சர் என்று சொல்லும் புகைக்குழாயில் இருந்தது.

இருவீச்சு எஞ்சினில் தனியே வால்வுகள் மேலும் கீழும் இயங்கிப் புகையை வெளியேற்றுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் திறக்கின்றன. ஒரு துளை வழியாக எரிந்த புகை வெளியேற, மற்றத் துளைகள் வழியாகப் புதிய பெட்ரோல்–காற்றுக் கலவை உள்ளே வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் புதிய கலவையில் ஒரு பகுதியும் புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். இது வீண்செலவு, திறனும் குறையும்.

ஒலி அலை காற்றில் நெருக்கங்களாகவும் நெகிழ்வுகளாகவும் பரவுகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். திறந்த முனையை அடைந்த நெருக்கம், நெகிழ்வாக மாறித் திரும்பும். மூடிய முனையை அடைந்த நெருக்கம், நெருக்கமாகவே திரும்பும். காற்றுத்தம்ப ஒத்ததிர்வுக் கருவியில் நாம் கேட்கும் முழக்கத்துக்கு இதுவே அடிப்படை. இதே உண்மையைக் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் காடன் 1950-களில் புகைக்குழாய்க்குப் பயன்படுத்தினார்.

அவர் குழாயை முதலில் புனல் போல விரிந்து, பிறகு மீண்டும் குறுகும்படி அமைத்தார். சிலிண்டரிலிருந்து பாயும் புகை ஒரு வலிய நெருக்கமாகப் புறப்படுகிறது. விரியும் பகுதியில் அது செல்லும்போது நெகிழ்வு அலை ஒன்று பின்னோக்கித் திரும்பி, சிலிண்டரில் மிஞ்சிய புகையை உறிஞ்சி எடுக்கிறது. புதிய கலவையும் கொஞ்சம் வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் முன்னே சென்ற நெருக்கம் குறுகும் கூம்பில் மோதித் திரும்பி, வெளியே வந்த கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. உடனே பிஸ்டன் துளையை மூடிவிடுகிறது. அசையும் பாகம் எதுவும் இல்லாமல், வெறும் தகரக் குழாய் ஒரு பம்பின் வேலையைச் செய்கிறது!

இதற்கு நேரம் சரியாக அமைய வேண்டும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழன்றால், ஒரு நொடிக்கு 250 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு. அதாவது 4 மில்லிநொடி. புகைத்துளை ஏறத்தாழ அரைச் சுற்று நேரம் திறந்திருப்பதாகக் கொண்டால், அலை போய்த் திரும்ப 2 மில்லிநொடிதான் உண்டு. சாதாரணக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆனால் சூடேறிய வாயுவில் அது கூடும். 350 டிகிரி செல்சியஸில் சுமார் 500 மீட்டராகிவிடும். 2 மில்லிநொடியில் அலை கடக்கும் தொலைவு 1 மீட்டர். போவதற்குப் பாதி, திரும்புவதற்குப் பாதி. ஆகவே குறுகும் கூம்பு துளையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

சில சென்டிமீட்டர் தவறினாலும் அலை முந்திக்கொண்டோ பிந்தியோ வரும், திறன் சரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கத் தேவை கணக்கும், தகரத்தை வெட்டி ஒட்டும் கையும், பொறுமையும். இவை ஆம்ஸ்டர்டாம் பட்டறையிலும் இருந்தன. சோழவரத்தில் இருவீச்சு மோட்டார் சைக்கிள்களுக்குச் சைலன்சரை வெட்டி, நீளம் மாற்றி, மீண்டும் ஒட்டிப் பார்த்த நம் மெக்கானிக்குகளும் செய்தது இதே சோதனைதான்.

காடனின் அறிவு காடனிடமே நிற்கவில்லை. அவருடைய அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடனில் பந்தயத்துக்குச் சென்றபோது மேற்கு நாடுகளின் பக்கம் தப்பிச் சென்றார். பிறகு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சி.சி. உலகச் சாம்பியன் பட்டத்தை சுசுகி வண்டியில் வென்றார். அறிவு எவ்வளவு எளிதாக எல்லை தாண்டுகிறது, பாருங்கள்!

விதி செய்த உதவி

1969-இல் உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் ஒரு புதிய விதியை நடைமுறைப்படுத்தியது. 50 சி.சி. வண்டிக்கு ஒரே சிலிண்டர். கியர்கள் ஆறுக்கு மேல் கூடாது. இரண்டு சிலிண்டர், 14 கியர் என்ற செலவுமிக்க வழி அடைபட்டது. இருக்கும் ஒரே சிலிண்டரை யார் நன்கு புரிந்துகொள்கிறார்களோ, அவர்களுக்கே வெற்றி என்றாயிற்று. 1970-ஆம் ஆண்டுப் போட்டியில் ஆல்ட் தூர்சன் என்ற வீரர் யமாதி வண்டியில் உலக அளவில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் ஸ்பெயின் நாட்டு டெர்பி நிறுவனத்தின் ஆங்கெல் நியட்டோவுக்கு.

விதி என்றால் தடை என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் பணத்தால் வாங்கக்கூடியதற்கு விதி எல்லை கட்டும்போது, பணத்தால் வாங்க முடியாதது முன்னுக்கு வருகிறது. யமாதியின் வரலாறு நமக்குச் சொல்லும் முதல் செய்தி இதுவே.

இரண்டாவது செய்தி சற்று வருத்தமானது. வெற்றி வேறு, வியாபாரம் வேறு. சாலையில் ஓட்டும் மொப்பட்டுகளையும் யமாதி பெயரில் செய்து விற்றார்கள். ஆனால் அந்தத் தொழில் நிலைக்கவில்லை. 1970-களின் நடுவில் யான் தீல் இத்தாலி சென்று பியோவதிச்சி நிறுவனத்துக்காக வண்டி வடித்தார். அந்த வண்டிகள் ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்தின் கைக்குப் போயின. 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் புல்டாகோவில் உலகச் சாம்பியன் ஆனவர், முன்பு யமாதியை முந்திய அதே நியட்டோ! பட்டறை மூடியபின்பும் அங்கே பிறந்த அறிவு வேறு பெயர்களில் வென்றுகொண்டிருந்தது.

கோயம்புத்தூர் விடை

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். கோயம்புத்தூரில் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது; பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளின் இயந்திரங்களுக்குப் பாகம் செய்ய வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு தோன்றின. ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. 'வாங்குவானேன், நாமே செய்வோம்' என்ற எண்ணம் அவ்வூர்க் காற்றில் கலந்தது.

அவ்வூரில் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர் எஸ். கரிவர்தன். நண்பர்களுக்கு 'கரி'. சோழவரத்தில் தாமே வண்டி ஓட்டியவர். அவரால் வெளிநாட்டு வண்டி ஒன்றை வாங்கி ஓட்டியிருக்க முடியும். ஆனால் அவர் தம்மோடு போட்டியிட வேண்டிய மற்றவர்களைப் பற்றியும் யோசித்தார். மலிவான, ஒரே மாதிரியான, இந்தியாவிலேயே செய்யக்கூடிய பந்தய வண்டி ஒன்று இருந்தால்?

அதற்கு ஏற்ற எஞ்சின் 1983-இன் இறுதியில் வந்து சேர்ந்தது. மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு 796 சி.சி.; திறன் நாற்பது குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. எந்த ஊரிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். அந்த எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, இரும்புக் குழாய்களால் சட்டகம் கட்டி, கண்ணாடி இழையால் மேலுடல் போர்த்தி, ஒற்றை இருக்கை வண்டியைக் கரி உருவாக்கினார். 1980-களின் பிற்பகுதியில் 'ஃபார்முலா மாருதி' பந்தயம் பிறந்தது.

எஞ்சினைப் பின்னால் வைக்கும் இந்த உத்திக்கு ஒரு முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 1946-இல் தங்கள் கராஜில் சின்னப் பந்தயக் கார் ஒன்றைச் செய்தார்கள். அதில் இருந்தது 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின்! மோட்டார் சைக்கிளில் போலவே சங்கிலியால் பின்சக்கரங்களைச் சுழற்றுவது எளிது என்பதால் எஞ்சினைப் பின்னால் வைத்தார்கள். அந்த வழியே வளர்ந்த கூப்பர் வண்டிகள் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றன. பெரிய நிறுவனங்களும் பிறகு எஞ்சினைப் பின்னுக்குக் கொண்டுபோயின.

நாற்பது குதிரைத்திறன் போதுமா?

வீட்டுக் காரின் எஞ்சின் எப்படிப் பந்தய வண்டியை ஓட்டும் என்று கேட்பீர்கள். விடை நிறையில் இருக்கிறது.

வேகம் பெறும் வண்டியின் இயக்க ஆற்றல், நிறையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. ஓட்டுநரோடு 720 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அடையச் சுமார் 278 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். எஞ்சினின் திறன் 37 குதிரைத்திறன், அதாவது சுமார் 27.6 கிலோவாட் என்று கொள்வோம். வீணாகும் ஆற்றல் ஏதும் இல்லை என்றாலும் இதற்கு 10 நொடி ஆகும். கணக்குக்காக நிறையை 480 கிலோகிராமாகக் குறைத்துப் பாருங்கள். தேவையான ஆற்றல் 185 கிலோஜூல். நேரம் 7 நொடிக்கும் குறைவு. எஞ்சினைத் தொடவே இல்லை!

வளைவில் இன்னொரு நன்மை. வளைவில் திரும்பும் வண்டியின் ஈர்ப்பு மையம் உயரமாக இருந்தால் உட்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழப் பார்க்கும். வண்டியின் சக்கர அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், அது கவிழாமல் தாங்கக்கூடிய பக்கவாட்டு முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். ஓட்டுநர் ஏறக்குறையப் படுத்த நிலையில் அமர்வதும், வண்டியின் வயிறு தரையைத் தொடுவது போல் இருப்பதும் இதனால்தான். அழகுக்காக அல்ல!

எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், எஞ்சினை வாங்கி வெல்ல முடியாது. எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் வளைவது, டயரின் காற்றழுத்தம் எவ்வளவு என்பவையே வெற்றியைத் தீர்மானித்தன. 1969-ஆம் ஆண்டு விதி ஹாலந்து இளைஞர்களுக்குச் செய்ததை, கரியின் ஃபார்முலா மாருதி நம் இளைஞர்களுக்குச் செய்தது.

எஞ்சியது என்ன?

சோழவரத்துக்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபோது, ஃபார்முலா மாருதி வண்டிகள் அங்கே இளைஞர்களின் பள்ளிக்கூடமாயின. கோயம்புத்தூரைச் சேர்ந்த பதின்வயதுச் சிறுவன் ஒருவன் தன் முதல் பந்தயத்தை அந்த வண்டியில்தான் ஓட்டினான். அவன் பெயர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே.

அந்த நாளைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995-இல் விமான விபத்தொன்றில் அவர் உயிரிழந்தார். பின்னர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் ஒன்று அமைந்தபோது, அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள்.

அண்மை ஆண்டுகளில் அந்தத் தடத்தில் 'ஃபார்முலா பாரத்' என்ற போட்டி நடந்துவருகிறது. இதில் பங்கேற்பவர்கள் பொறியியல் கல்லூரி மாணவர்கள். வண்டியை வாங்கி வரக்கூடாது. தாங்களே வடிவமைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 710 சி.சி.க்கு மேல் போகக்கூடாது. அது சுவாசிக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்ல வேண்டும். வண்டி ஓடும் வேகத்துக்கு மட்டுமன்றி, அதன் வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் மதிப்பெண் உண்டு. இங்கேயும் விதி எல்லை கட்டுகிறது. அந்த எல்லைக்குள் அறிவு போட்டியிடுகிறது.

இதைப் படிக்கும் மாணவர்களே, பெரிய ஆலைகளின் மதில்களைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். அவற்றுக்குள் நடப்பதும் நீங்கள் வகுப்பில் படிக்கும் அலையும் ஆற்றலும் உராய்வும்தான். அடுத்த முறை உங்கள் தெரு மெக்கானிக் பட்டறையில் பழைய இருவீச்சு வண்டி ஒன்றைப் பிரித்திருந்தால், சற்று நின்று அதன் புகைக்குழாயைப் பாருங்கள். எங்கே விரிகிறது, எங்கே குறுகுகிறது என்று ஒரு நூலால் அளந்து, மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எத்தனை சுற்று வேகத்துக்காக அது செய்யப்பட்டது என்பதை ஏறத்தாழ நீங்களே சொல்லிவிடலாம்!